அது மேகம் இல்லை, நைனா

நைனா,

இதை உன் முகத்துக்கு நேராகவே சொல்லியிருப்பேன். ஆனால் நான் வாயைத் திறந்தாலே நீ “சரிம்மா, சரிம்மா” என்று போனைத் தேய்க்க ஆரம்பித்துவிடுகிறாய். உன் சரிம்மாவை நம்பி நான் ஏமாந்த கதையை எல்லாம் எழுத உட்கார்ந்தால் காகிதம் போதாது. கல்யாணம் கிட்டத்தில் வந்துவிட்டது. மண்டபம், சமையல், மேளம், புடவை எல்லாம் முடிந்தது. சுகன்யா எங்கே வந்து குடித்தனம் செய்யப் போகிறாள் என்பதும் முடிந்த பேச்சு என்றுதான் நினைத்திருந்தேன். நேற்று சாயங்காலம் டீ குடித்துக்கொண்டே நீ போகிற போக்கில் ஒன்று சொன்னாய். “தாம்பரம் வூடு வேணாம்னு சொல்லிடலாம்னு பாக்குறேம்மா. அவ இங்கயே வந்துடட்டும். காத்த சுத்தம் பண்ற மிஷின் ஒன்னு வாங்கி ரூம்ல வச்சிட்டா போதும். அட்ஜஸ்ட் பண்ணிக்குவா.” நான் அரிசி களைய எழுந்து போய்விட்டேன். அதை நீ சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய். அது சம்மதம் இல்லை. ஏன் இல்லை என்பதைச் சொல்ல, உன் கேமராவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது.

நீ அந்த மிரர்லெஸ் கேமராவை யாரிடமோ பழையதாக வாங்கி வந்த நாளில், அதற்குப் போட ஒரு லென்ஸ் இல்லை. கம்பெனி லென்ஸ் வாங்க நமக்குக் கட்டாது என்று எங்கிருந்தோ ஒரு குட்டி லென்ஸைத் தருவித்தாய். முப்பத்தைந்து எம்எம். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, கனமான இரும்புச் சாமான். ஆனால் அது தானாக எதுவும் செய்யாது என்றாய். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்காது, நாம்தான் நடந்து போக வேண்டும். ஃபோகஸும் நம் கையால் வளையத்தைத் திருப்பித்தான் வைக்க வேண்டும். “அப்போ கேமரா இன்னாத்துக்குடா கீது?” என்று உங்கப்பா கேட்டார். ஆலையில் ஷிஃப்ட் பார்த்து ரிட்டையரான மனுஷர், மிஷின் என்றால் தானே வேலை செய்ய வேண்டும் என்பது அவர் கட்சி. அந்த லென்ஸை மாட்டியதும் கேமரா ‘லென்ஸ் இல்லை’ என்று எழுதிக் காட்டிவிட்டுப் படம் எடுக்க மாட்டேன் என்றது. கண் முன்னால் குத்துக்கல் போல லென்ஸ் உட்கார்ந்திருக்கிறது, அது இல்லையாம். நீ எதையெதையோ தட்டி, லென்ஸ் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, படம் எடு என்று அதற்கு உத்தரவு கொடுத்த பிறகுதான் வழிக்கு வந்தது. நான் சிரித்த சிரிப்பில் உனக்குக் கோபமே வந்துவிட்டது.

பிறகு யார் அதை அதிகம் எடுத்தது என்று உனக்கே தெரியும். நீ வேலைக்குப் போய்விடுவாய், நான் எடுத்து வைத்துக்கொள்வேன். கார்மெண்ட்ஸில் செக்கிங்கில் இருந்த கண் இது. தைத்து வந்த சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, குறை இருக்கும் இடத்தில் அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவதுதான் என் வேலை. அந்தக் கண்ணுக்கு இந்த லென்ஸ் பிடித்துப்போயிற்று. வளையத்தைத் திருப்பத் திருப்பத் திரையில் பொருளின் ஓரத்தில் சிவப்பாக ஒரு கோடு ஓடும். கோடு எங்கே நிற்கிறதோ அங்கே தெளிவு. முதலில் கொடிக் கம்பியில் நிற்கும், பிறகு துணியில், பிறகு தண்ணீர்த் தொட்டியில். எது தெளிய வேண்டும், எது கலங்க வேண்டும் என்று என்னையே கேட்கிறது என்று நினைத்துக்கொள்வேன். வீட்டில் வேறு யாரும் என்னை அப்படிக் கேட்டதில்லை, அது வேறு கதை.

பெண் பார்க்க ஆரம்பித்தபோது ஸ்டூடியோவில் எடுத்த உன் போட்டோவை எனக்குப் பார்க்கவே பிடிக்கவில்லை. மாவில் புரட்டி எடுத்ததுபோல் வெளுக்க வைத்திருந்தார்கள். என் பிள்ளை கறுப்பு, அவன் கறுப்பாகத்தான் இருக்க வேண்டும் என்று சண்டை போட்டுவிட்டு வந்தேன். அதனால்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாடியில் நானே எடுக்கிறேன் என்றேன். நீ இஸ்திரி போட்ட சட்டையோடு விறைத்துக்கொண்டு நின்றாய். துளையை முழுக்கத் திறந்து வைத்தால் பின்னால் இருப்பது கரைந்து அழகாக வரும் என்று நீயே அந்த முன் வளையத்தைத் திருப்பிக் கொடுத்தாய். ஆனால் அப்படி வைத்தால் தெளிவு ஒரு விரல்கடைதான் இருக்கும் என்று நீ சொல்லித் தரவில்லை. கண்ணில் கோடு நிற்கும்போது நீ மூச்சு விடுவாய், கோடு காதுக்குப் போய்விடும். காதிலிருந்து பிடித்து வந்தால் மூக்கில் நிற்கும். “எவ்ளோ நேரம்மா, பேஜாராக் கீது” என்றாய். நான் வளையத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தேன். கடைசியில் உனக்கு நிற்கிற கவனமே போய்விட்டது. விறைப்பு போய், இவளுக்கு வராது என்று லேசாக உதட்டைச் சுழித்து என்னைப் பார்த்தாய். அப்போது அமுக்கினேன். அந்தப் படத்தில் நீ அச்சு அசல் நீயாக இருந்தாய். அந்த லென்ஸ் மட்டும் வேகமாக இருந்திருந்தால் எனக்கு அந்தப் பார்வை கிடைத்திருக்காது.

உனக்குப் பின்னால் முகத்துவாரத்துக்கு அந்தப் பக்கம் தெரியும் அனல் மின் நிலையத்துச் சிம்னிகள் இருந்தன. சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை அடித்த சிம்னிகள், அவற்றின் தலையில் புகை. படத்தில் எல்லாம் கரைந்து சாயங்கால வெளிச்சத்தில் இளஞ்சிவப்பாக ஒரு பொதி நின்றது. நானே அதைப் பார்த்து, நம்ம எண்ணூரா இது என்று கேட்டேன். அந்தப் படம்தான் செய்யாற்றுக்கு, சுகன்யா வீட்டுக்குப் போனது. அவர்களுக்குப் பிடித்துப்போய், நீயும் அந்தப் பெண்ணும் போனில் பேச ஆரம்பித்தீர்கள். ஒரு நாள் சுகன்யாவின் அம்மா என்னிடம் பேசும்போது, “எங்க பொண்ணு உங்க பையனுக்குப் பின்னாடி இருக்கிற அந்த மேகத்தையே பாத்துட்டு இருந்தாளுங்க, உங்க ஊரு அவ்வளவு குளிர்ச்சியா” என்று கேட்டார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அவள் உன்னிடம் அது என்ன என்று கேட்டிருக்கிறாள், நீ மேகம் என்று சொல்லியிருக்கிறாய்.

நீ இதில் புதுசு இல்லை. காலேஜில் யாராவது எந்த ஊர் என்று கேட்டால் ராயபுரம் பக்கம் என்பாய். ராயபுரத்துக்கும் நமக்கும் நடுவில் எத்தனை ஸ்டேஷன் என்று கும்மிடிப்பூண்டி ரயிலில் போய் வந்த எனக்குத் தெரியும். அப்போது சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். உன் தோஸ்துகளுக்கு நீ எந்த ஊர்க்காரனாக இருந்தால் என்ன. ஆனால் இவள் உன் பேச்சை நம்பிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வரப்போகிறவள். வந்து இறங்கி, மாடி ஏறி, மேகத்தைப் பார்க்கும் அன்றைக்கு அவளுக்கு எப்படி இருக்கும்? துணி காயப்போட்டு எடுக்கும்போதெல்லாம் உதறித்தான் எடுக்க வேண்டும் என்பதை அவள் யாரிடம் போய்க் கேட்பாள்?

மறுநாள் காலையில் நீ லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீர்த் தொட்டியைக் கழுவிக்கொண்டிருந்தாய். நான் கேமராவை எடுத்து வந்தேன். இந்த முறை முன் வளையத்தைப் பதினாறுக்குத் திருப்பினேன். அப்படி வைத்தால் துளை சுருங்கிவிடும், கிட்டே இருப்பதும் தூரத்தில் இருப்பதும் ஒன்றாகத் தெளியும். நீ, தொட்டி, கொடியில் உங்கப்பாவின் பனியன், பக்கத்து வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரை, முகத்துவாரத்துத் தண்ணீர், அதற்கப்பால் சிம்னிகளும் புகையும், எதுவும் கரையவில்லை. நீ ஏறெடுத்துக்கூடப் பார்க்கவில்லை, அம்மா ஏதோ பொழுது போக்குகிறாள் என்று விட்டுவிட்டாய். அதைப் போனில் ஏற்றி, சுகன்யாவுக்கே அனுப்பினேன். கீழே எழுதினேன்: இதுதான் எங்கள் வீட்டு மாடி. பின்னால் இருப்பது மேகம் இல்லை கண்ணு, சிம்னி. உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு நீ போட்ட சத்தம் இருக்கிறதே. “உனுக்கு இன்னா வேல இது? நான் சொல்லிக்க மாட்டனா?” என்றாய். எப்போது சொல்லியிருப்பாய் என்று நான் கேட்டேன். உன் சித்தி வந்து, நல்லபடியாகக் கூடி வந்ததைக் கையால் கலைத்துவிட்டாய் என்று என்னை வறுத்தெடுத்தாள். செய்யாற்றிலிருந்து ஒரு பேச்சும் வரவில்லை. நீ என்னிடம் பேசாமல் சாப்பிட்டாய், பேசாமல் வேலைக்குப் போனாய். உங்கப்பா இரண்டு பேருக்கும் நடுவில் உட்கார்ந்து பேப்பரையே படித்தார். உண்மையைச் சொல்கிறேன், எனக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனால் படத்தை அனுப்பியிருக்க வேண்டாம் என்று மட்டும் ஒரு நாளும் நினைக்கவில்லை. இப்போதும் நினைக்கவில்லை.

பிறகு அவள் கூப்பிட்டாள். உன்னை இல்லை, என்னை. நான் மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன், ஒரு பக்கமாக ஒதுங்கி நின்று கேட்டேன். அவள் பேசியதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் இதை நீ மறந்துவிட்டாய் என்று தோன்றுகிறது. “அத்தை, எனக்குச் சின்ன வயசுலேர்ந்தே வீசிங் இருக்கு. தூசி, புகை பட்டா மூச்சு பிடிச்சுக்கும். கல்யாணம் ஆகிற வரைக்கும் வெளிய சொல்ல வேணாம்னு வீட்ல சொன்னாங்க. நீங்க அந்தப் போட்டோ அனுப்பின பிறகு என்னால சொல்லாம இருக்க முடியல.” எனக்கு மீன்காரம்மா எதிரிலேயே கண் கலங்கிவிட்டது. இதை என்னிடம் சொன்னதுபோலவே அவனிடமும் சொல் கண்ணு என்றேன். அன்றைக்கு நீ மாடியில் நின்று அவளோடு போனில் எவ்வளவோ நேரம் பேசினாய். நீ இறங்கி வந்தபோது உன் முகத்தைப் பார்த்தேன், அந்த ஞாயிற்றுக்கிழமைப் படத்தில் இருந்த முகம். தாம்பரம் பக்கம் தனியாக வீடு பார்க்கிறேன் என்று அவளிடம் நீயாகத்தான் வாக்குக் கொடுத்தாய். நான் கொடுக்கச் சொல்லவில்லை.

இப்போது ஏன் மாற்றுகிறாய் என்று எனக்குத் தெரியும். உங்கப்பாவுக்கு முழங்கால் போய்விட்டது, மாடிப்படி ஏற முடியவில்லை. எனக்கும் முன்போல ஓடியாட முடியவில்லை. இரண்டு கிழங்களையும் விட்டுவிட்டு ஊரின் அந்தக் கோடிக்குப் போவதா என்று நினைக்கிறாய். நேற்று நீ அதைச் சொன்னபோது ஒரு நிமிஷம் எனக்குச் சந்தோஷமாக இருந்தது நைனா. இல்லை என்றால் பொய். ஒரே பிள்ளை. மருமகள் வந்து இந்தச் சமையலறையில் நின்று, உப்பு போட்டீங்களா அத்தை என்று கேட்பதை எத்தனை வருஷமாக நினைத்துப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் எழுந்து போனேன். கொஞ்சம் உட்கார்ந்திருந்தால் சரி என்று சொல்லியிருப்பேன்.

அரிசி களைந்துகொண்டிருக்கும்போது எனக்கு ஞாபகம் வந்தது, நீ வாக்குக் கொடுத்த பிறகு அவர்கள் நம் வீடு பார்க்க வந்த நாள். பெண் வீட்டார் கூடத்தில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். சுகன்யா மாடியைப் பார்க்க வேண்டும் என்றாள், நாம் மூன்று பேரும் போனோம். நீ உன் கேமராவை அவள் கையில் கொடுத்து, இந்த வளையத்தைத் திருப்பு, சிவப்புக் கோடு வரும் என்று காட்டிக்கொண்டிருந்தாய். அவளும் ஆசையாகத்தான் திருப்பினாள், சிம்னியைப் படம் எடுத்து உன்னிடம் காட்டிச் சிரித்தாள். பிறகு நீ முன்னால் இறங்கிப் போய்விட்டாய். அவள் படியில் பாதியில் நின்றுவிட்டாள். சுவரில் கையை வைத்துக்கொண்டு, பையிலிருந்து மூச்சு மருந்துப் பம்பை எடுத்து வாயில் வைத்து இழுத்தாள். தோள் இரண்டும் ஏறி ஏறி இறங்கின. என்னைப் பார்த்ததும், “ஒன்னும் இல்ல அத்தை, படி ஏறினதுல” என்றாள். கூடத்துக்கு வந்தபோது சிரித்துக்கொண்டேதான் வந்தாள். உனக்கு இது தெரியாது. அவளும் சொல்லியிருக்க மாட்டாள். குறை பார்த்தே பழகிய கண், எனக்குத் தெரிந்துவிட்டது. அங்கே அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டியது அவள் மேல் இல்லை.

அட்ஜஸ்ட் பண்ணிக்குவாள் என்கிறாய். பண்ணிக்கொள்வாள்தான், அதுதான் என் பயம். நான் வியாசர்பாடியிலிருந்து இந்த வீட்டுக்கு வந்தபோதும் இந்த வார்த்தையைத்தான் சொன்னார்கள். நானும் செய்தேன். முதல் வருஷம் மாடியில் வற்றல் போட்டேன், அதன் மேல் படிந்ததைப் பார்த்து மொத்தத்தையும் கொட்டினேன். அதற்கப்புறம் போட்டதே இல்லை. கிழக்கு ஜன்னலைச் சாத்தினேன், அது இன்றைக்கும் சாத்தித்தான் இருக்கிறது. எதை விட்டேன் என்பதே பழகப் பழக மறந்துபோயிற்று. எனக்கு மூச்சு நன்றாக இருந்தது, அதனால் என்னால் முடிந்தது. அவளுக்கு மூச்சே சரியில்லை. அந்த மிஷின் ஒரு அறைக்குள் ஓடும். அவள் அந்த அறைக்குள்ளேயே குடித்தனம் செய்வாளா? சமைக்க வர மாட்டாளா, கடைக்குப் போக மாட்டாளா, நாளைக்கு ஒரு குழந்தை பிறந்தால் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்க மாட்டாளா?

உன் லென்ஸை வைத்துக்கொண்டு நீ ஒருத்தரைப் படம் எடுக்கும்போது, தெளிவாக விழவில்லை என்றால் என்ன செய்கிறாய்? எதிரே நிற்கிறவரைக் கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கோ என்று சொல்கிறாயா? வளையத்தைத் திருப்புகிறாய். அதற்கும் வரவில்லை என்றால் நீதான் எழுந்து நடக்கிறாய், இரண்டு அடி முன்னே, நான்கு அடி பின்னே. எதிரே இருப்பவர் அவர் பாட்டுக்கு இருக்கிறார். தானாக எதையும் செய்யாத சாமான் என்று உங்கப்பா கேலி செய்தாரே, அதை வைத்துக்கொண்டு நீ பொறுமையாக வேலை செய்வதைப் பார்த்துத்தான் இவன் பெண்டாட்டியை நன்றாக வைத்துக்கொள்வான் என்று நான் தைரியமாக இருந்தேன். அந்தத் தைரியத்தைக் கெடுக்காதே. நகர வேண்டியது நீ.

எங்களைப் பற்றிக் கவலைப்படாதே என்று சொல்ல மாட்டேன், கவலைப்படு. பிள்ளை என்றால் பட வேண்டும்தான். ஞாயிற்றுக்கிழமை வா, அவளை விட்டுவிட்டு நீ மட்டும் வா. உங்கப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போ, தொட்டியைக் கழுவு, மீன் குழம்பு சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் தூக்குச் சட்டியில் கொண்டு போ. அவளைப் பார்க்க வேண்டும் என்றால் நான் ரயில் ஏறி வருகிறேன். பீச் ஸ்டேஷனில் இறங்கி வண்டி மாறினால் தாம்பரம், அதென்ன சீமையா? உங்கப்பா முனகுவார், முனகிக்கொண்டே கூட வருவார்.

சொந்தக்காரர்கள் பேசுவார்கள். தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை வீட்டுக்கு வந்து விளக்கேற்றாமல் இது என்ன வழக்கம் என்று உன் சித்திதான் முதலில் ஆரம்பிப்பாள். அவளை நான் பார்த்துக்கொள்கிறேன். நீ செய்ய வேண்டியது இதுதான். இன்றைக்கே தாம்பரம் வீட்டுக்காரரிடம் பேசிச் சாவியை வாங்கி என்னிடம் கொடு. கல்யாணத்தன்று பந்தி முடிவதற்குள் நானும் உங்கப்பாவும் கிளம்பிவிடுவோம். நீங்கள் இரண்டு பேரும் மண்டபத்திலிருந்து எண்ணூருக்கு வர வேண்டாம், நேராக அங்கே வாருங்கள். நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டு, ஆரத்தி கரைத்து வைத்திருப்பேன். கதவை உள்ளேயிருந்து நான்தான் திறப்பேன். அவளை வலது காலை எடுத்து வைத்து வரச் சொல், அது நம்ம வூடுதான்.

அம்மா